பெட்டியா, சுவரா? - கருவிகள் சுவரேறிய கதை

ரொம்ப நாளா டிராஃப்டிலேயே தூங்கிக்கிட்டிருந்த பதிவு இது. மாஸ்டர்ஸ் படிக்க மாசச்சூசெட்ஸ் வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. பனி, பாஸ்டன் ரயில், ரூம்மேட் வைக்கிற ரசம்னு எல்லாத்தைப் பத்தியும் மொக்கை போட்டாச்சு. இன்னிக்கு கொஞ்சம் உருப்படியா ஒண்ணு: சுவர். சுத்தியல், ரம்பம், உளி, ஸ்பானர் எல்லாத்தையும் வரிசையா சுவத்துல மாட்டி வைக்கிறாங்களே, அந்தச் சுவர்.

"இதுக்கெல்லாமா வரலாறு?"ன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. நான் படிக்கிறது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். பொருளை எங்க வைக்கணும்னு யோசிக்கிறதுக்கே டிகிரி குடுக்கிற துறை :-) அதனால இந்தக் கேள்வி என்னை விடலை. அமெரிக்கர்கள் வீட்டு கராஜைத் திறந்தா ஒரு சுவர் முழுக்க கருவிகள் தொங்குது. மியூசியத்துக்குப் போனா பழைய தச்சர்களோட கருவிகள் பெட்டிக்குள்ள அடுக்கி இருக்கு. எப்போ, ஏன் பெட்டியிலிருந்து சுவருக்கு ஏறிச்சு? தேடிப் படிக்கப் படிக்க, இது வெறும் இடவசதி சமாச்சாரம் இல்லைன்னு தெரிஞ்சுது.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். பெட்டி, ஊர் விட்டு ஊர் போறவனோடது. சுவர், ஓர் இடத்தில் இருக்கப் போறவனோடது. கருவி எங்க இருக்குன்னு பார்த்தா, அந்த மனுஷனுக்கு அந்த ஊர்ல எவ்வளவு நாள் இருக்கிற நம்பிக்கை இருந்துச்சுன்னு தெரிஞ்சுடும்.

*

முதல்ல பெட்டி.

1936-ல ஸ்வீடனோட காட்லண்ட் தீவுல ஒரு விவசாயி உழுதுக்கிட்டிருந்தப்போ கலப்பையில ஏதோ மாட்டிச்சு. முன்னாடி சதுப்பு நிலமா இருந்து வடிய விட்ட இடம் அது, பேரு மாஸ்டர்மிர். தோண்டிப் பார்த்தா ஓக் மரத்துல செஞ்ச ஒரு பெட்டி. உள்ளேயும் சுத்தியுமா 200-க்கும் மேல சாமான்கள். சுத்தியல், குறடு, அரம், ரம்பம், வாச்சி, துளை போடுற கருவி எல்லாம். வைக்கிங் காலத்துது, சுமார் ஆயிரம் வருஷம் பழசு. கொல்லு வேலை, தச்சு வேலை ரெண்டுமே தெரிஞ்ச ஒருத்தரோட மொத்த பிழைப்பு அந்தப் பெட்டியில இருந்துச்சு. அவர் பேரு யாருக்கும் தெரியாது. பெட்டியைத் தொலைச்சுட்டு அவர் என்ன பண்ணியிருப்பார்னு யோசிச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அடுத்தது இங்கிலாந்து. கென்ட் பகுதியில ராசெஸ்டர்னு ஒரு ஊர். அங்க இருக்கிற கில்ட்ஹால் மியூசியத்துல பெஞ்சமின் சீட்டன்ங்கிறவரோட கருவிப் பெட்டி இருக்கு. 1796 டிசம்பர்ல அவரோட அப்பா லண்டன்ல ஒரு கடையில கருவிகளை மொத்தமா வாங்கிக் குடுத்தார். மகன் 1797-ல அதுக்கேத்த மாதிரி ஒரு பெட்டி செஞ்சு, என்னென்ன இருக்குன்னு விலையோட பட்டியலும் எழுதி வச்சார். ஆனா அந்தக் கருவிகளை அவர் அதிகமா பயன்படுத்தவே இல்லை. அதனாலதான் இவ்வளவு முழுசா நமக்குக் கிடைச்சிருக்கு. நல்லா உழைச்ச கருவியெல்லாம் தேய்ஞ்சு, உடைஞ்சு, பேரனுங்க கையில சிதறிப் போயிடும். சும்மா இருந்ததுதான் மியூசியத்துக்கு வரும். வரலாறு படிக்கிறவங்க இதை ஞாபகம் வச்சுக்கணும்.

அந்தக் காலத்து தச்சருக்குப் பெட்டிங்கிறது நம்ம ஊர் டிபன் கேரியர் மாதிரி சமாச்சாரம் இல்லை. பட்டறை முதலாளியோடது, மேசை முதலாளியோடது, கருவி மட்டும் தொழிலாளியோட சொந்தம். வேலை முடிஞ்சா பெட்டியைத் தூக்கிக்கிட்டு அடுத்த இடம். பெட்டி தீயில எரிஞ்சாலோ திருடு போனாலோ அடுத்த வாரம் சோத்துக்கு வழியில்லை. 1860-ல பிரிட்டன்ல தொடங்கின தச்சர்கள் சங்கம் ஒண்ணு, உறுப்பினர்களுக்குக் குடுத்த உதவிகள்ல கருவி இழப்புக்கான காப்பீடும் ஒண்ணு. நோய்க்கு, வேலையில்லாம இருக்கிற காலத்துக்கு, ஈமச்சடங்குக்கு, கூடவே கருவிக்கு. அந்த வரிசையில கருவி இருந்ததைப் பாருங்க.

நம்ம நாட்டுச் சட்டத்திலயும் இது இருக்கு. 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 60. கடன்காரன் மேல தீர்ப்பு வாங்கினாலும் எதையெல்லாம் ஜப்தி பண்ணக் கூடாதுன்னு ஒரு பட்டியல். உடுத்துற துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழட்டக் கூடாத நகை. அதுக்கு அடுத்தபடியா, கைவினைஞரோட கருவிகள். விவசாயியா இருந்தா உழவுக் கருவிகள். சுருக்கமா சொன்னா, தாலிக்குப் பக்கத்துலயே உளி. சட்டப் புத்தகத்தைப் படிச்சு நான் நெகிழ்ந்தது வாழ்க்கையில அந்த ஒரு தடவைதான்.

*

இப்போ சுவர்.

நியூயார்க் மாநிலம், லாங் ஐலண்ட் தீவு, ஈஸ்ட் ஹாம்ப்டன். அங்க டொமினின்னு ஒரு குடும்பம். 18-ஆம் நூற்றாண்டு நடுவுலேர்ந்து 19-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி வரைக்கும் அப்பா, மகன், பேரன்னு மூணு தலைமுறை ஒரே இடத்துல மேசை, நாற்காலி, கடிகாரம் செஞ்சாங்க. அவங்க கருவிகள் நூத்துக்கணக்குல அப்படியே தங்கி, இப்போ டெலவேர்ல இருக்கிற விண்டர்தூர் மியூசியத்துல பட்டறையாவே திரும்ப அமைச்சு வச்சிருக்காங்க. ரம்பம் சுவத்துல, இழைப்புளி அலமாரியில, உளி வரிசையா சட்டத்துல. இந்தக் குடும்பம் எங்கயும் போகப்போறதில்லை, அதனால கருவிக்கு மூடி தேவைப்படலை. தாத்தா மாட்டின ஆணியில பேரன் மாட்டுறான்.

சுவரோட நன்மையை ஒரு தொழிலாளி பார்வையில பாருங்க. பெட்டியில மேல் தட்டை எடுத்தாதான் கீழ்த் தட்டு தெரியும். குனியணும், தேடணும், ஒண்ணோட முனை இன்னொண்ணுல இடிச்சு மழுங்கும். சுவத்துல எல்லாமே கண் மட்டத்துல. கை நீட்டினா வரும். பிரெஞ்சு தச்சர் ஆந்த்ரே ரூபோ 1769-லேர்ந்து வெளியிட்ட தச்சுக்கலை நூல்ல வர்ற வேலை மேசையில, பின்பக்கம் உளிகளைச் செருகி வைக்க ஒரு சட்டம் இருக்கும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு படின்னு வச்சுக்கலாம்.

நம்ம கிராமத்து வீடுகள்ல அரிவாளை எரவாணத்துல செருகி வைப்பாங்களே, அதுவும் இதே கணக்குதான். குழந்தை கைக்கு எட்டாது, பெரியவங்க கைக்கு உடனே எட்டும், மழையில நனையாது. ஆனா வீடு வீடா வந்து கதவு, நிலை செய்யிற ஆசாரியோட கருவிகள் சாக்குப் பையிலதான் வரும். சொந்தக் கூரை இருக்கிற அரிவாளுக்கு எரவாணம், ஊர் சுத்துற உளிக்குச் சாக்கு. என் கட்சிக்கு ஒரு ஓட்டு :-)

*

அடுத்து ஷேக்கர்கள். இவங்களைப் பத்தி தனிப்பதிவே போடலாம். 1774-ல ஆன் லீங்கிற பெண்மணி தலைமையில இங்கிலாந்திலேர்ந்து நியூயார்க் வந்த சின்ன கூட்டம். அப்புறம் நியூ இங்கிலாந்து முழுக்க கிராமங்கள் அமைச்சாங்க. திருமணம் கிடையாது, தனிச்சொத்து கிடையாது, ஆணும் பெண்ணும் சமம். மாசச்சூசெட்ஸ் மேற்குக் கோடியில பிட்ஸ்ஃபீல்ட் பக்கம் ஹான்காக் கிராமம் இப்போ மியூசியமா இருக்கு. 1826-ல கட்டின வட்ட வடிவக் கல் மாட்டுத்தொழுவத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் போறாங்க. நான் பார்த்து அசந்தது அறைகளோட சுவர்.

எல்லா அறையிலயும், தலைக்குச் சற்று மேல, சுவரைச் சுத்தி ஒரு மரச்சட்டம் ஓடுது. அதுல வரிசையா கடைஞ்ச மர முளைகள். தொப்பி, கோட்டு, துடைப்பம், கண்ணாடி, கடிகாரம், ஏன், நாற்காலியைக்கூட தலைகீழா அதுல மாட்டிடுவாங்க. தலைகீழா ஏன்னா, உட்காருற பக்கத்துல தூசி படியாது. தரை காலியா இருக்கிறதால பெருக்கறது சுலபம். தட்டையான துடைப்பத்தைக் கண்டுபிடிச்சதே இவங்கதான்னு சொல்வாங்க. பெருக்குறதுக்காகவே சுவரை வடிவமைச்ச ஆளுங்க!

இங்க ஒரு விஷயம் கவனிங்க. தச்சரோட பெட்டிக்குப் பூட்டு உண்டு. ஷேக்கர் முளைக்குப் பூட்டு இல்லை. எல்லாம் பொது. பொதுன்னதும் கட்டுப்பாடு இல்லாம இல்லை. ஒருத்தர் பொறுப்புல இருக்கிற கருவியைக் கேக்காம எடுக்கக் கூடாது, இரவல் வாங்கினா உடனே பழுதில்லாம திருப்பித் தரணும்னு அவங்க சட்டதிட்டத்துல எழுதியே வச்சிருந்தாங்க. பொதுச் சொத்துன்னா காலி முளை எல்லார் கண்ணுலயும் படும். பூட்டு செய்யிற வேலையைக் கூச்சம் செய்யுது. காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு, இரவல் போன இஸ்திரிப் பெட்டியை நினைச்சுப் பார்த்தா இது புரியும்.

கல்யாணம் இல்லாததால புது ஆள் வெளியிலேர்ந்துதான் வரணும். வரத்து குறைஞ்சுது. ஹான்காக்ல 1960-ல கடைசி ஷேக்கர்கள் கிளம்பினாங்க. இப்போ மெய்ன் மாநிலத்து சாபத்டே லேக்ல மட்டும் விரல்விட்டு எண்ணுற அளவுக்கு இருக்காங்க. ஆனா அந்த முளைச்சட்டம் இன்னிக்கு எல்லா மரச்சாமான் கடையிலயும் விக்குது. ஆளுங்க போனாலும் ஆணி நிக்குது.

*

இப்போ நம்ம ஹீரோ. ஹென்றி ஸ்டட்லி. 1838-ல பிறந்தவர், 1925-ல மறைஞ்சார். மாசச்சூசெட்ஸ்காரர். உள்நாட்டுப் போர்ல வடக்குப் படையில போய், 1863-ல டெக்சாஸ் கால்வெஸ்டன்ல பிடிபட்டு வந்தவர். அப்புறம் ஆர்கன், பியானோ செய்யிற கம்பெனிகள்ல வேலை. பாஸ்டன் பக்கத்துல க்வின்சியில வாழ்ந்தார்.

இவர் தன் கருவிகளுக்காகச் செஞ்ச பெட்டி உலகத்துலயே ரொம்பப் பிரபலமான கருவிப் பெட்டின்னு தயங்காம சொல்லலாம். மூடினா சுமாரா 39 அங்குல உயரம், 20 அங்குல அகலம், 9 அங்குல ஆழம். ஒரு சூட்கேஸ் மாதிரி. திறந்து சுவத்துல மாட்டினா ரெண்டு பக்கமும் விரியும். உள்ளே ஏறக்குறைய 300 கருவிகள். மகோகனி, ரோஸ்வுட், கருங்காலி, தந்தம், முத்துச்சிப்பி. ஒவ்வொரு கருவிக்கும் அதோட உடம்புக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி ஒரு குழி. ஒரு அடுக்கை மேல தூக்கினா பின்னாடி இன்னொரு அடுக்கு, அதைக் கதவு மாதிரி திருப்பினா இன்னொண்ணு. ஒரு சதுர அங்குலம் வீணாகலை.

வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல 1980-கள் கடைசியிலேர்ந்து பல வருஷம் இரவலா வச்சிருந்தாங்க. அதோட போஸ்டரை மாட்டாத மரவேலைக்காரரே இல்லைங்கிற அளவுக்கு ஓடிச்சு. பிறகு ஒரு தனியார் சேகரிப்பாளர்கிட்ட போயிடுச்சு. 2015-ல டான் வில்லியம்ஸ் இதைப் பத்தி 'விர்ச்சுவோசோ'ன்னு ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அது வெளியானப்போ ஐயோவா மாநிலம் சீடர் ராபிட்ஸ்ல சில நாள் மக்கள் பார்க்க வச்சாங்க.

எல்லாரும் அதோட வேலைப்பாட்டைத்தான் பாராட்டுறாங்க. எனக்கு அது ஒரு கேள்விக்குப் பதிலா தெரியுது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஆள். சுவர் கம்பெனியோடது. கருவி தன்னோடது. பெட்டியில அடுக்கினா கைக்கு எட்டாது, சுவத்துல ஆணி அடிச்சு மாட்டினா கிளம்பும்போது கழட்டணும். அதனால சுவரையே ஒரு பெட்டிக்குள்ள வச்சார். திறந்தா சுவர், மூடினா பெட்டி. இருக்கிற வரைக்கும் இருக்கிறவன் மாதிரியே வேலை செய்யலாம், போகணும்னா ரெண்டு கதவைச் சாத்தினாப் போதும்.

*

சுவர் சாதாரண வீட்டுக்கு வந்தது ஒரு கழிவுப் பொருள் வழியா. வில்லியம் மேசன்னு ஒரு இன்ஜினியர், எடிசன்கிட்ட வேலை பார்த்தவர். மிசிசிப்பி மாநிலம் லாரல் ஊர்ல மரம் அறுக்கிற மில்லுங்க கழிச்சுப் போட்ட மரத்துண்டுகளைப் பார்த்து, இதை என்ன பண்ணலாம்னு யோசிச்சார். துண்டுகளை உயர் அழுத்த நீராவியில வச்சு, திடீர்னு அழுத்தத்தைத் திறந்துவிட்டா மரம் பஞ்சு மாதிரி நாரா வெடிக்கும். அந்த நாரைச் சூடா அழுத்தினா, மரத்துலயே இருக்கிற லிக்னின் பசையா மாறி, வேற பசை போடாமலே கெட்டியான அட்டையா ஆகிடும். 1924-ல மதிய சாப்பாட்டுக்குப் போனப்போ அழுத்துற மெஷினை நீராவி கசிய விட்டுட்டுப் போயிட்டார், திரும்பி வந்து பார்த்தா அட்டை ரெடின்னு ஒரு கதை சொல்வாங்க. அதுதான் மேசனைட். அதுல ஒரு அங்குல இடைவெளியில ஓட்டை போட்டா, பெக்போர்டு.

ஓட்டைக்குள்ள வளைஞ்ச கம்பிக் கொக்கியைச் செருகினா போதும், ஆணி, சுத்தியல் எதுவும் வேண்டாம், நாளைக்கு இடத்தை மாத்திக்கலாம். ஒரே நிபந்தனை, பலகைக்கும் சுவருக்கும் நடுவுல அரை அங்குலமாவது இடைவெளி விடணும். இல்லேன்னா கொக்கி உள்ள திரும்ப இடமிருக்காது.

காலமும் சாதகமா இருந்துச்சு. 1944-ல வந்த ஜி.ஐ. சட்டம், போரிலிருந்து திரும்பினவங்களுக்கு வீட்டுக்கடன் உத்தரவாதம் குடுத்தது. 1947-ல லாங் ஐலண்ட்ல லெவிட்டவுன் கிளம்பிச்சு. ஒரே அச்சுல வார்த்த மாதிரி ஆயிரக்கணக்குல வீடுகள். பரண் அறையை முடிக்காமலே விட்டுடுவாங்க, வாங்கினவர் தானே பலகை அடிச்சு முடிச்சுக்கணும். ஆபீஸ் போற ஆளு வாரக்கடைசியில தச்சரானார். 1954 ஆகஸ்டுல டைம் பத்திரிகை 'நீயே செய்' பொழுதுபோக்கை அட்டைப்படக் கட்டுரையா போட்டது. வாழ்க்கையில முதல்முறையா சொந்தச் சுவர் கிடைச்ச ஒரு தலைமுறை, அந்தச் சுவத்துல கருவியை மாட்டிச்சு.

இங்கதான் என் தொண்டையில மாட்டுற விஷயம். அந்தச் சுவர் எல்லாருக்கும் கிடைக்கலை. லெவிட்டவுனோட ஆரம்ப கால ஒப்பந்தங்கள்ல வெள்ளையர் அல்லாதவங்க அந்த வீட்டுல குடியிருக்கக் கூடாதுன்னு நிபந்தனை இருந்துச்சு. வீட்டு வேலைக்காரங்களுக்கு மட்டும் விலக்கு. 1948-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றம் மூலமா அமல்படுத்த முடியாதுன்னு சொன்ன பிறகும் நடைமுறை மாறலை. 1957 ஆகஸ்டுல பென்சில்வேனியா லெவிட்டவுன்ல வில்லியம், டெய்சி மையர்ஸ் தம்பதி குடிவந்தப்போ, அவங்க கறுப்பினத்தவர்ங்கிற ஒரே காரணத்துக்காக, நாள்கணக்குல கூட்டம் கூடி கல்லெறிஞ்சாங்க. அவங்களும் சுவத்துல நாலு கொக்கி மாட்டி வாழத்தான் வந்தாங்க.

நம்ம கதையும் அதுல இருக்கு. 1923-ல பகத் சிங் திண்ட் வழக்குல, இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாதுன்னு இதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவங்க நிலம் வாங்கக் கூடாதுன்னு கலிஃபோர்னியாவுல ஏற்கனவே சட்டம் இருந்துச்சு. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா, அங்க விவசாயம் பண்ணிக்கிட்டிருந்த பஞ்சாபிகளுக்கு நிலமும் இல்லை, நாடும் இல்லை. 1946-ல சட்டம் மாறுற வரைக்கும் அவங்க கலப்பை அடுத்தவன் கொட்டகையிலதான். இன்னிக்கு கராஜ், புல்வெளின்னு செட்டில் ஆன நம்ம அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் நினைச்சுப் பார்க்கணும்.

*

கொஞ்சம் மனசை லேசாக்குவோம். சமையல்கட்டுக்கு வாங்க.

ஜூலியா சைல்ட். அமெரிக்கர்களுக்கு டிவியில பிரெஞ்சு சமையல் சொல்லிக்குடுத்தவர். கேம்பிரிட்ஜ்ல 1961-ல குடியேறின வீட்டுல, கணவர் பால் அவருக்காக சமையலறையை வடிவமைச்சார். ஜூலியா ஆறடிக்கு மேல உயரம்ங்கிறதால மேடையை உயர்த்தினார். சுவத்துல பெக்போர்டு அடிச்சு, வாணலி, பாத்திரம் எல்லாம் தொங்கவிட்டு, ஒவ்வொண்ணோட வெளிக்கோட்டையும் பலகையில வரைஞ்சு வச்சார். எது எங்கேங்கிற சண்டையே வராது. யார் பாத்திரம் கழுவினாலும் சரியான இடத்துல மாட்டலாம். என்னைக் கேட்டா இது காதல் கடிதத்துல சேர்த்தி.

2001-ல ஜூலியா அந்த சமையலறையை ஸ்மித்சோனியனுக்குக் குடுத்தார். 2002-ல மக்கள் பார்வைக்கு வந்துச்சு. செப்புப் பாத்திரங்கள் மாட்டின சுவர் மட்டும் கலிஃபோர்னியாவுல நாபாவுக்குப் போய், அந்த நிறுவனம் 2008-ல மூடின பிறகு வாஷிங்டன்ல தன் சமையலறையோட வந்து சேர்ந்துச்சு. சுவர்கூட இடம்பெயரும் போல.

பால் வரைஞ்ச அந்த வெளிக்கோட்டுக்குத் தொழிற்சாலையில பேரு ஷேடோ போர்டு, நிழல் பலகை. கருவி இல்லாதப்போ அதோட நிழல் மட்டும் தெரியும். ஜப்பானியத் தொழிற்சாலைகளோட 5எஸ் முறையில ரெண்டாவது எஸ், 'செய்டன்', ஒவ்வொண்ணுக்கும் ஓர் இடம்ங்கிறது இதுதான். பரீட்சைக்கு இதை நான் மனப்பாடம் பண்ணினப்போ சும்மா சுத்தபத்தம் சொல்லித் தர்றாங்கன்னுதான் தோணும். ஆனா நிழல் பலகையோட உண்மையான வேலை கருவியைக் காட்டுறது இல்லை. கருவி இல்லாததைக் காட்டுறது.

அது ஏன் முக்கியம்? 2023 டிசம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு க்வாண்டாஸ் ஏ380 விமானத்தோட இன்ஜினைச் சோதிச்சாங்க. இன்ஜினைக் கையால சுத்துறதுக்குப் பயன்படுத்தின ஒரு நைலான் கருவி, ஒரு மீட்டருக்கும் மேல நீளம், உள்ளேயே நின்னுடுச்சு. கருவி திரும்பி வரலைன்னு பதிவு இருந்தும், தேடி முடிக்கிறதுக்கு முன்னாடி விமானம் பறக்க விடப்பட்டது. 34 பறப்புகள், சுமார் 294 மணி நேரம். 2024 ஜனவரி 1-ஆம் தேதிதான் கண்டுபிடிச்சாங்க. நல்லவேளை ஒண்ணும் ஆகலை. ஆஸ்திரேலிய போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விசாரிச்சு அறிக்கை குடுத்துச்சு. பலகையில காலியா இருக்கிற ஒரு நிழலை மதிக்கிறதும் மதிக்காததும், அந்த ஏ380-ல உட்கார்ந்திருக்கிற நூத்துக்கணக்கான பேர் உயிர்ல முடியிற சமாச்சாரம். ஷேக்கரோட காலி முளையும் இதுவும் ஒண்ணுதான். யாரோ பார்க்கணும், பார்த்தவர் கேக்கணும்.

*

கடைசியா, இன்னிக்கு மரவேலைக்காரங்க பெக்போர்டைவிட அதிகமா கொண்டாடுறது பிரெஞ்ச் க்ளீட். இதுல ரசிக்க வேண்டியது அதோட எளிமை. முக்கால் அங்குல ப்ளைவுட் பட்டையை நீளவாக்குல 45 டிகிரி சாய்வா ரெண்டா அறுக்கணும். ஒரு பாதியை, சாய்வு சுவரைப் பார்த்து இறங்குற மாதிரி, சுவத்துல திருகி மாட்டணும். மறு பாதியை அலமாரிக்கோ கருவி மாட்டுற சட்டத்துக்கோ பின்னாடி தலைகீழா வைக்கணும். தூக்கி வச்சா ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு உட்கார்ந்துக்கும். எடை கூடக் கூட சாய்வு அதைச் சுவரோட சேர்த்து இழுக்கும். கழட்ட ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், மேல தூக்கினா வந்துடும். இங்க சுவர்னா ஜிப்சம் அட்டைதான். அதுக்குப் பின்னாடி வழக்கமா 16 அங்குலத்துக்கு ஒண்ணா நிக்கிற மரத்தூணைக் கண்டுபிடிச்சு திருகணும். வெறும் அட்டையில மாட்டினா சுத்தியலோட சுவரும் கையோட வரும்.

நான் இருக்கிறது வாடகை வீடு. ஒப்பந்தத்துல சுவத்துல துளை போடக் கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கு. ஓனர் காலண்டர் ஆணிக்கே முகம் சுளிக்கிற ஆளு. படிப்பு முடிஞ்சா ஓ.பி.டி., அப்புறம் ஹெச்1பி குலுக்கல். எந்த ஊரு, எந்த மாநிலம், எந்த நாடுன்னே தெரியாது. சுத்தியல், ஸ்பானர் செட், ஒரு சின்ன இழைப்புளி, நாலு உளி, எல்லாம் அலமாரிக்குள்ள ஒரு பையில. நம்மள்ல பாதிப் பேர் வாழ்க்கையே இப்படித்தான். "கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்"னு கட்டில் வாங்காம, தரையில மெத்தை போட்டுப் படுத்து, பத்து வருஷம் ஓட்டினவங்களை எனக்குத் தெரியும். பத்து வருஷம்ங்கிறது வாழ்க்கைதானே, காத்திருப்பு அறை இல்லையே.

அதனாலதான் ஸ்டட்லி எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அவர் சொந்தச் சுவருக்காகக் காத்திருக்கலை. அடுத்தவன் சுவத்துல மாட்டத்தானே போறோம்னு ஏனோதானோன்னும் செய்யலை. இந்தக் கோடையில டிபார்ட்மெண்ட் பட்டறையில ஒரு பெட்டி செய்யப் போறேன். முத்துச்சிப்பி, தந்தமெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, ப்ளைவுட்தான். ரெண்டு கதவு, உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு இடம், பின்னாடி ஒரு க்ளீட் பட்டை. இப்போதைக்கு மேசை மேல நிக்கும். தூணுள்ள சுவர் என்னிக்காவது கிடைச்சா தொங்கும். கிடைக்கலேன்னா கதவைச் சாத்திட்டு கூடவே வரும்.

பின்னூட்டத்துல உங்களையும் கேக்குறேன். துபாய், சிங்கை, டொரண்டோ, லண்டன்னு இருக்கிற மக்கா, உங்க வீட்டுச் சுவத்துல முதல் ஆணி எப்போ அடிச்சீங்க? என்ன மாட்டினீங்க? இன்னும் அடிக்காதவங்க, ஏன் அடிக்கலைன்னு சொல்லுங்க.

டிஸ்கி: தாலியையும் உளியையும் ஒரே பட்டியல்ல வச்சதுக்காக யாரும் சண்டைக்கு வராதீங்க. வச்சது நானில்லை, 1908-ஆம் வருஷத்துச் சட்டம் :-)